பனியாறு, எரிமலை, எச்சரிக்கை: சில குறிப்புகள்

1

பனி என்றால் என்ன என்று மேலப்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் மார்கழி மாதத்தைத்தான் காட்டுவார்கள். 'பனி பெய்யுது, தலையில துண்டப் போடு' என்றால் அது காற்றிலும் இலைநுனியிலும் நிற்கிற ஈரம். பெரும்பொழுதுகள் ஆறில் முன்பனி, பின்பனி என்று இரண்டைப் பனிக்கு ஒதுக்கிய மொழி இது. ஆனாலும் அந்தப் பனி எதுவும் கட்டியாவதில்லை. கட்டியானது நமக்கு ஐஸ்தான். மீன் பெட்டிக்கும் சர்பத் கடைக்கும் ஐஸ் பேக்டரியிலிருந்து வரும் பாளம். இமயத்தைத் தமிழ் இலக்கியம் அறிந்திருந்தது. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் அங்கிருந்து கண்ணகிக்குக் கல் எடுத்து வருகிறான். இமயம் நமக்குக் கல்லாக வந்தது, பனியாக வரவில்லை.

ஆகவே ஐரோப்பிய அறிவியல் வேறுவேறு பெயர் சொல்லிப் பிரித்து வைத்திருக்கிற பல பொருள்களைத் தமிழ்ப் பத்திரிகை ஒரே சொல்லில் அடக்கிவிட்டது: பனிப்பாறை. டைட்டானிக் கப்பல் மோதிய மிதக்கும் பாளமும் பனிப்பாறை. கங்கோத்ரியில் மலைச்சரிவில் ஊர்ந்து இறங்குகிற பெரும் பனித்திரளும் பனிப்பாறை. அண்டார்டிகாவின் கண்டப் போர்வையும் பனிப்பாறைதான். சும்மா ஒரு மொழிபெயர்ப்புக் குழப்பம் என்று விட்டுவிடலாமே, இதுக்குப் போய் ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். விட்டுவிட முடியாது என்பதற்கு ஒரு தலைப்புச் செய்தியே சாட்சி.

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் ரிஷிகங்கா, தௌலிகங்கா பள்ளத்தாக்குகளில் வெள்ளம் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரிஷிகங்கா, தபோவன் நீர்மின் திட்டங்களில் வேலை பார்த்த கூலித் தொழிலாளர்கள். நம் பத்திரிகைகள் போட்ட தலைப்பு: பனிப்பாறை வெடித்தது, பனிப்பாறை உடைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் சொன்னது வேறு. ரோந்தி சிகரத்தின் சரிவிலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்தது. அதில் பெரும்பங்கு பாறை. விழுந்த வேகத்தில் பனிக்கட்டி அரைபட்டு உருகிப் பாறையைச் சேறாக்கியது. அந்தச் சேறு இறங்கிய பாதையில் சுரங்கம் தோண்டி ஆட்களை நிறுத்தியிருந்தது யார் என்பது தனிக் கேள்வி. பாதையில் இருந்த ரேணி 1974இல் சிப்கோ போராட்டம் நடந்த ஊர். அந்த ஊர்க்காரர்கள் அங்கே பாறைக்கு வெடிவைப்பதை எதிர்த்து 2019இலேயே உயர்நீதிமன்றம் போயிருந்தார்கள்.

'பனிப்பாறை வெடித்தது' என்ற வாக்கியத்தில் எழுவாய் பனிப்பாறை. வினையும் அதனுடையதே. வேறு யாருக்கும் அந்த வாக்கியத்தில் இடம் கிடையாது. இயற்கையை எழுவாயாக்கி மனிதரைத் துடைத்துவிடுகிற இந்த இலக்கணத்தைப் பேசத்தான் பனியாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இனி இக்கட்டுரையில் பனியாறு என்றே எழுதுகிறேன். அதற்கான காரணத்தை இயற்பியலே தருகிறது.

2

பனியாறு உண்டாவதற்குக் கடுங்குளிர் மட்டும் போதாது. ஒரு கோடையில் உருகுவதைவிட அதற்கு முந்தின குளிர்காலத்தில் விழுவது கூடுதலாக இருக்க வேண்டும். இந்த மிச்சம் ஆண்டுதோறும் அடுக்கடுக்காகச் சேர வேண்டும். வரவு செலவில் மிஞ்சுகிற தொகைதான் பனியாறு. புதிதாக விழுந்த பனிப்பூ பெரும்பாலும் காற்று; ஒரு கன மீட்டர் எடுத்தால் நூறு கிலோகூடத் தேறாது. மேலே அடுக்கு ஏற ஏற அடியிலிருப்பது நசுங்குகிறது. பூவின் இதழ்கள் உடைந்து மணிகளாகின்றன, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கன மீட்டருக்குச் சுமார் 830 கிலோ என்ற அடர்த்தியைத் தாண்டும்போது நடுவிலிருந்த காற்று வெளியே போக வழியில்லாமல் குமிழிகளாகச் சிறைப்படுகிறது. அப்போதுதான் அதற்குப் பனிக்கட்டி என்று பெயர். ஈரமும் கதகதப்பும் கலந்த ஐஸ்லாந்து போன்ற இடத்தில் இது சில பத்தாண்டுகளுக்குள் முடிந்துவிடும். வறண்ட உறைகுளிர் அண்டார்டிகாவின் உட்பகுதியில் நூற்றாண்டுகள் ஆகும்.

இவ்வளவும் ஆனாலும் அது இன்னும் பனியாறு இல்லை. பருமன் சில பத்து மீட்டரைத் தாண்டும்போது தன் சொந்த எடையைத் தாங்க முடியாமல் அது உருமாறி நகரத் தொடங்குகிறது. கல் மாதிரி இருக்கிற பொருள் கூழ் மாதிரி ஒழுகுகிறது. அடியில் உருகிய நீர் இருந்தால் அதன்மேல் வழுக்கவும் செய்கிறது. மேலே சேர்கிற பகுதி, கீழே கரைகிற பகுதி, நடுவில் வரவும் செலவும் சமமாகும் கோடு. மேலிருந்து கீழே ஓயாத பெயர்ச்சி. நகர்வதுதான் இலக்கணம். நகராத பனித்திட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பனியாறு ஆகாது. பாறை என்ற சொல்லில் இந்த நகர்வு செத்துப்போகிறது, ஆறு என்பதில் நிற்கிறது. தாமிரபரணிக் கரையில் இருப்பவனுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மேலே வரத்து நின்றால் கீழே ஆறு கிடையாது.

3

எரிமலை நிலத்துக்கு வருவோம். நெருப்பும் பனியும் எதிரெதிர், ஒன்று இருக்கிற இடத்தில் மற்றது இராது என்பதுதான் பொதுப்புத்தி. இந்த எதிர்வை முதலில் உடைப்பது எரிமலையே. எரிமலை தன் குழம்பாலும் சாம்பலாலும் தன்னையே உயர்த்திக்கொள்கிறது. உயரம் குளிரைத் தருகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஆப்பிரிக்காவில் பனியாறு எப்படி வந்தது? கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர் உயர எரிமலை என்பதால் வந்தது. நெருப்பு கட்டிய மேடையில்தான் அங்கே பனி உட்கார்ந்திருக்கிறது. எரிமலை வாய்ப்பள்ளமும் பனியைச் சேர்த்து வைக்கிற தொட்டியாகிறது. இப்படி நெருப்பு தன் மேலேயே பனியை வளர்க்கிறது.

அடுத்தது அடியிலிருந்து வரும் சூடு. ஐஸ்லாந்தின் தென்கிழக்கில் உள்ள வட்னயோகுல் பனிப்போர்வையின் பரப்பு 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். சில இடங்களில் பருமன் 900 மீட்டரையும் தாண்டும். அதன் அடியில் உயிருள்ள எரிமலைகள் இருக்கின்றன. குமுறாத நாளிலும் புவிச்சூடு பனியின் அடிவயிற்றை உருக்கிக்கொண்டே இருக்கும். மேலே நின்று பார்த்தால் பனிப்பரப்பு அண்டா மாதிரிக் குழிந்திருக்கும். உருகிய நீர் கிரிம்ஸ்வோத்ன் என்ற எரிமலைப் பள்ளத்தில் ஏரியாகத் தேங்கும். ஏரிக்கு அணை எது? சுற்றியிருக்கிற பனியேதான். நீர்மட்டம் ஏறி ஓர் அளவைத் தொட்டதும் நீர் அந்தப் பனியணையின் அடியில் வழி கண்டுகொள்கிறது. கண்ட வழியைத் தன் வெப்பத்தாலேயே அகலமாக்கிக்கொண்டு பாய்கிறது. இதற்கு ஐஸ்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் யோகுல்லௌப். பனியாற்றின் ஓட்டம் என்று பொருள். அவர்கள் வைத்த அந்தப் பெயரை உலக அறிவியலும் அப்படியே எடுத்துக்கொண்டது.

1996 செப்டம்பர் 30 அன்று பார்தார்புங்கா, கிரிம்ஸ்வோத்ன் எரிமலைகளுக்கு நடுவே பல நூறு மீட்டர் பனிக்கு அடியில் குமுறல் தொடங்கியது. உருகிய நீர் வெளியே வரவில்லை. பனிக்கு அடியிலேயே ஓடி கிரிம்ஸ்வோத்ன் ஏரியில் போய்ச் சேர்ந்தது. ஐந்து வாரம் எல்லோரும் காத்திருந்தார்கள். நவம்பர் 5இல் அணை விட்டுக்கொடுத்தது. உச்சத்தில் வினாடிக்கு 45,000 கன மீட்டருக்கு மேல் பாய்ந்ததாகக் கணக்கு. நம்ம ஊர்ப் பொதுப்பணித் துறைக் கணக்கில் சுமார் 16 லட்சம் கன அடி. மொத்தமாக வெளியேறியது 3 கன கிலோமீட்டருக்கு மேல். நிரம்பிய பாவநாசம் அணையைப் போல ஏறத்தாழ இருபது அணைத் தண்ணீர். இரண்டு நாளுக்குள் எல்லாம் ஓடிமுடிந்தது. பாலங்கள் போயின, சாலை போனது, வீட்டளவு பனிக்கட்டிகள் மணல்வெளியில் சிதறிக் கிடந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆய்வாளர்கள் ஏரியின் மட்டத்தைத் தொடர்ந்து அளந்தார்கள், சாலையை மூடினார்கள் என்பது ஒரு காரணம். வெள்ளம் பாய்ந்த ஸ்கெய்தரார்சாந்தூர் ஆள் குடியிராத மணல்வெளி என்பது இன்னொரு காரணம். முதல் காரணத்தை மட்டும் சொல்லி அறிவியலைப் புகழ்கிறவர்கள் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

பனிக்கு அடியில் வெளிவரும் குழம்பு பரந்து ஓட முடியாது. நீரில் பட்டு உடனே உறைந்து தலையணை வடிவ உருண்டைகளாகிறது, அல்லது கண்ணாடிச் சில்லாக நொறுங்குகிறது. குழம்பு பனியை முழுக்க உருக்கி மேலே வந்துவிட்டால் அப்போதுதான் காற்றில் பரவித் தட்டையான மூடி போடுகிறது. பனிக்காலம் முடிந்து பனி போன பிறகு அந்த இடத்தில் செங்குத்துச் சுவரும் தட்டைத் தலையுமாக மேசை மலை நிற்கும். ஐஸ்லாந்தின் ஹெர்துப்ரெய்த் அப்படி ஒன்று. மூடியின் உயரம் அந்தக் காலத்துப் பனியின் பருமனைக் காட்டிக்கொடுத்துவிடும். இல்லாத பனியின் அச்சு மலையாக நிற்கிறது. இல்லாமையை வாசிப்பது பற்றி நாம் கோட்பாட்டு மொழியில் நிறையப் பேசியிருக்கிறோம். நிலவியலாளர்களுக்கு அது அன்றாட வேலை.

சாம்பலின் வேலையும் ஒருபடித்தானதல்ல. பனியாற்றின்மேல் மெல்லிய சாம்பல் படலம் விழுந்தால் வெண்மை கறுத்து வெயிலை உள்வாங்குகிறது, உருகல் கூடுகிறது. அதே சாம்பல் கனமாகப் படிந்தால் வெயில் உள்ளே இறங்காது, உருகல் குறைகிறது. ஐஸ் பாளத்தை மரத்தூள் கொட்டிச் சாக்கால் மூடிக் கொண்டுபோகிறவருக்கு இந்த இயற்பியல் தெரியும். கொஞ்சம் தூள் ஒட்டினால் அழுக்கு, நிறையப் போட்டால் போர்வை. ஒரே பொருள் அளவைப் பொறுத்து எதிர்ப்பொருளாகிறது.

இனி, தலைகீழ் உறவு. எரிமலை பனியை மாற்றுவதுபோல் பனியும் எரிமலையை மாற்றுகிறது. குக்கரில் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கிற தண்ணீர், அழுத்தம் குறைந்ததும் குபீரென்று கொதிக்கிறது அல்லவா? பூமிக்கு அடியில் உள்ள சூடான பாறையும் அப்படித்தான். மேலிருக்கும் பாரம் குறைந்தால் கூடுதலாக உருகும். கடைசிப் பனிக்காலம் முடிந்து ஐஸ்லாந்தின் கனத்த போர்வை கரைந்தபோது அங்கே எரிமலைக் குமுறல் பல பத்து மடங்கு கூடியது என்பதற்குப் பாறைகளில் சான்று இருக்கிறது. இன்றும் வட்னயோகுலைச் சுற்றிய நிலம், பாரம் குறையக் குறைய, சில இடங்களில் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் அளவுக்கு மேலெழுகிறது. எது காரணம், எது விளைவு என்று ஒற்றைக்கோடு போட முடியாத உறவு இது.

நம் மரபில் இதை யோசிக்க ஒரு கருவி இருக்கிறது. பாலை என்பது தனி நிலமல்ல. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் திரிந்து அடைகிற நிலை என்கிறது சிலப்பதிகாரம். நிலத்தைப் பொருளாகப் பார்க்காமல் காலத்தோடு மாறும் நிலையாகப் பார்க்கிற பார்வை அது. பனியாற்றையும் எரிமலையையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

4

இவ்வளவு அறிவும் இருந்து என்ன செய்தது என்பதற்குக் கொலம்பியாவுக்குப் போக வேண்டும். நெவாதோ தெல் ரூயிஸ், 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த, தலையில் பனியாறு கொண்ட எரிமலை. 1985 நவம்பர் 13 இரவு ஒன்பது மணியளவில் குமுறியது. எரிமலைக் கணக்கில் சிறிய குமுறல்தான். அது மேலிருந்த பனியில் பத்தில் ஒரு பங்கைத்தான் கரைத்தது. அது போதுமாக இருந்தது. நீர் சாம்பலையும் மண்ணையும் வாரிக்கொண்டு லகுனில்லா ஆற்றில் சேற்று வெள்ளமாக இறங்கி, இரண்டரை மணி நேரம் கழித்து 70 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஆர்மேரோ நகரத்தை மூடியது. மொத்தச் சாவு சுமார் 23,000.

ஆர்மேரோ பருத்தி விளையும் ஊர். அந்த வளமான மண்ணே பழைய சேற்று வெள்ளம் கொண்டுவந்தது. 1595இலும் 1845இலும் அதே ஆற்றில் அப்படி வந்திருக்கிறது. 1985 அக்டோபர் 7 அன்று, அதாவது ஐந்து வாரத்துக்கு முன்னால், அபாய வரைபடம் வெளியாகியிருந்தது. சேறு எந்தெந்த ஊருக்கு வரும் என்று அதில் காட்டியிருந்தார்கள். ஆர்மேரோ அதில் இருந்தது. அன்று மாலையே ஊரில் சாம்பல் விழுந்தது. அமைதியாக இருங்கள், வீட்டுக்குள் இருங்கள் என்றுதான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. இந்தச் சாவை விரிவாக ஆராய்ந்து பேரி வோய்ட் என்ற அறிவியலாளர் 1990இல் எழுதினார். முன்கூட்டி ஊரைக் காலி செய்து, எதுவும் நடக்காமல் போனால் ஆகும் செலவுக்கும் கெட்ட பெயருக்கும் அதிகாரிகள் அஞ்சினார்கள் என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று.

இரண்டரை மணி நேரம். நடந்தே மேட்டுக்குப் போயிருக்கலாம். அறிவு இருந்தது, நேரம் இருந்தது, வரைபடம் இருந்தது. அந்த வரைபடத்தின் வாசகராக ஆர்மேரோ மக்களை யாரும் கருதவில்லை. எச்சரிக்கை ஒரு பிரதி. அது யாருக்காக எழுதப்படுகிறது, எந்த மொழியில், யார் கைக்கு முதலில் போகிறது, கடைசிக் கைக்கு வரும்போது அதில் என்ன மிஞ்சுகிறது என்பதெல்லாம் இலக்கிய விமர்சனக் கேள்விகள் என்று நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆர்மேரோவில் அவை உயிர்க்கேள்விகளாக இருந்தன.

தாமிரபரணியில் பனியாறு கிடையாது, எரிமலையும் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18இல் மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நெல்லையும் தூத்துக்குடியும் மிதந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் நின்றுபோனார்கள். தண்ணீர் வடிவதற்குள்ளேயே, எச்சரிக்கை சரியாகத் தரப்பட்டதா இல்லையா என்று மத்திய அரசும் மாநில அரசும் வாதாடின. எச்சரித்தோம் என்றது ஒரு தரப்பு. இவ்வளவு என்று சொல்லவில்லை என்றது இன்னொன்று. தண்ணீரில் நின்றவர்கள் அந்த விவாதத்தில் எங்கும் வரவில்லை. 'எங்ககிட்ட யாருவே சொன்னா?' என்று எங்கள் பக்கத்தில் கேட்ட கேள்வியும் ஆர்மேரோக் கேள்வியும் ஒரே கேள்விதான்.

5

இந்தியாவில் பனியாறும் எரிமலையும் ஒரே இடத்தில் இன்று இல்லை. இமயத்தில் பனியாறு உண்டு, எரிமலை இல்லை. அந்தமானின் பேரன் தீவில் எரிமலை உண்டு, பனி இல்லை. ஆனால் நிலத்தின் நினைவில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1856இல் பிளான்போர்டு சகோதரர்களும் தியோபால்டும் ஒரிசாவின் தால்ச்சேரில் பெரும் கற்கள் களிமண்ணில் புதைந்த ஓர் அடுக்கைக் கண்டு, இது பனி கொண்டுவந்தது என்றார்கள். வெயில் காய்கிற ஒரிசாவில் பனியா என்று உலகம் நம்பத் தயங்கியது. பின்னர் மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் அருகே இராயில், பனியாறு தேய்த்துக் கீறிய சுண்ணாம்புப் பாறைத் தளம் கிடைத்தது. சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன், இந்தியா தென்துருவத்துக்குப் பக்கத்தில் கோண்டுவானாவோடு ஒட்டியிருந்த காலத்துக் கீறல் அது. அதே வட்டாரத்தில் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய தக்காண எரிமலைக் குழம்புப் பாறையும் படர்ந்து கிடக்கிறது.

அந்தப் பனி விலகிய சதுப்பில் வளர்ந்த காடுகள்தான் இந்தியாவின் நிலக்கரி. தால்ச்சேர் அடுக்குக்கு மேலே நிலக்கரி அடுக்கு. அங்கே வெட்டிய கரி பாரதீப் துறைமுகத்திலிருந்து கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்து, 1979இல் தொடங்கிய அனல்மின் நிலையத்தில் எரிந்திருக்கிறது. தாமிரபரணியின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்துத் தண்ணீர் தூத்துக்குடி ஆலைகளுக்குப் போன 20 எம்ஜிடி திட்டத்தைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, 30 கோடி ஆண்டுக்கு முந்தைய பனியின் மிச்சம் நம் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் புகையாகி, இன்றைய பனியைக் கரைக்கிற கணக்கில் சேர்கிறது. கிளிமஞ்சாரோவின் பனியில் 1912க்குப் பிறகு ஒரு நூற்றாண்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது. அதற்கு அடியிலிருக்கும் எரிமலை உறங்குகிறது. கரைத்தது அது அல்ல. இந்தக் கணக்கில் எல்லோர் பங்கும் சமம் என்று சொன்னால் அதுவும் எழுவாயை மறைக்கிற வேலைதான். விளக்குக்கு ஒரு பல்பு போடுகிறவனும் ஆலை நடத்துகிறவனும் ஒரே வரியில் 'மனிதகுலம்' ஆகிவிட முடியாது.

ஐஸ்லாந்தில் ஓக் என்ற எரிமலையின் தலையில் ஒரு பனியாறு இருந்தது. ஓக்யோகுல் என்று பெயர். யோகுல் என்றால் பனியாறு. மெலிந்து மெலிந்து, தன் எடையால் நகர முடியாத நிலைக்கு அது வந்துவிட்டது என்று 2014இல் ஒத்தூர் சிகுர்த்சன் என்ற பனியாற்றியலாளர் அறிவித்தார். நகராததால் அது இனிப் பனியாறு இல்லை. பெயரிலிருந்து யோகுல் எடுக்கப்பட்டது, ஓக் மட்டும் மிஞ்சியது. 2019 ஆகஸ்ட் 18 அன்று அங்கே ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். ஆந்த்ரி ஸ்நாய்ர் மாக்னசன் என்ற எழுத்தாளர் அதன் வாசகத்தை வருங்காலத்துக்கு ஒரு கடிதமாக எழுதினார். காற்றில் அப்போதிருந்த கரியமிலவாயுவின் அளவும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பலகையை ஓர் எழுத்தாளர் எழுதினார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பனியாற்றை அளப்பது நம் வேலையல்ல. அதுக்கு ஆள் இருக்கு. அளந்தவர் சொன்னதை யாருக்குச் சொல்வது, எந்தச் சொல்லில், யாரை எழுவாயாக வைத்து என்பது நம் வேலை. அடுத்த முறை சிக்கிமிலோ உத்தராகண்டிலோ பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தால் தமிழில் தலைப்புப் போடுகிறவர் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். நகர்ந்தது பனியாறா, சரிந்தது பாறையா, உடைந்தது ஏரியா? கீழே ஆளை நிறுத்தியவர் யார்? 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி கரையுடைத்து, கீழே சுங்தாங்கில் கட்டியிருந்த தீஸ்தா அணையையே அடித்துக்கொண்டு போனது. அப்போதும் நம் தலைப்புகளில் ஏரி இருந்தது, மேகவெடிப்பு இருந்தது. அந்த இடத்தில் அணை வேண்டாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த சிக்கிம்காரர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.